பழைய மடிக்கணினியும் குடும்பச் சிக்கனமும்

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசியும், கிழிந்த குடைக்குத் துணி மாற்றியும், தளர்ந்த கட்டிலுக்கு நாடா பின்னியும் பொருள்களை நெடுங்காலம் ஆண்டு வந்த மரபு நம்முடையது. எந்த உறுப்புத் தேய்ந்ததோ அந்த உறுப்பை மட்டும் மாற்றிக்கொண்டு எஞ்சியதைக் காப்பாற்றுவது அம்மரபின் சாரம். இன்று நம் இல்லங்களில் இடம்பெற்றுவிட்ட மடிக்கணினிக்கும் இம்முறை பொருந்துமா, பொருந்துமாயின் எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதே இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள்.

தில்லியிலும் மும்பையிலும் கொல்கத்தாவிலும் ஐதராபாத்திலும் குடியேறி வாழும் தமிழ்க் குடும்பங்களின் வரவு செலவை நினைத்துப் பாருங்கள். வீட்டு வாடகை, பள்ளிக் கட்டணம், ஊரிலுள்ள பெற்றோருக்கு அனுப்பும் தொகை, கோடை விடுமுறையில் ஊர் சென்று திரும்பும் ரயில் செலவு ஆகிய இவை போக மிஞ்சுவது சொற்பம். இக்குடும்பங்களில் மடிக்கணினி ஆடம்பரப் பொருளன்று. பிள்ளையின் பாடமும், வேலைக்கு அனுப்பும் விண்ணப்பமும், மாலை நேரத்தில் ஊரிலிருக்கும் பாட்டியின் முகமும் அதன் வழியாகவே வருகின்றன. 2011-ஆம் ஆண்டில் தமிழ்நாட்டு அரசு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி வழங்கத் தொடங்கியது. அவ்வாறு பெற்ற கணினியை ஊரிலிருந்து கையோடு கொண்டுவந்த இளைஞர்களும் நம்மிடையே இருக்கக்கூடும்.

அத்தகைய கணினி ஒரு நாள் மந்தமாகிறது. திறப்பதற்கு ஐந்து நிமிஷம். ஒரு கோப்பைச் சேமிப்பதற்குள் பொறுமை போய்விடுகிறது. அப்போது வீட்டில் இரு விதமான யோசனைகள் எழும். ஒன்று, இதைத் தள்ளிவிட்டுத் தவணைமுறையில் புதியது வாங்கிவிடலாம் என்பது. மற்றொன்று, கடைக்காரரிடம் கொடுத்து, எது எதை மாற்றவேண்டுமோ அதையெல்லாம் மாற்றச் சொல்வது. முதலாவதில் நல்ல பொருள் வீணாகிறது. இரண்டாவதில் நல்ல பணம் வீணாகலாம். இரண்டுக்கும் இடையே ஒரு நடுவழி உண்டு. ஆனால் அவ்வழியில் செல்ல, கருவியின் உள்ளமைப்பைச் சிறிது அறிந்திருக்க வேண்டும்.

வானொலியில் பேசுபவருக்குக் கருவியைத் திறந்து விரல் வைத்துக் காட்டும் வசதி இல்லை. ஆகையால் ஒரு சமையலறையை மனத்தில் கொள்ளுமாறு உங்களை வேண்டுகிறேன். சமையல் செய்பவர் ஒருவர். காய்களை நறுக்கி வைக்க அவர் முன்னே ஒரு மேடை. அரிசியும் பருப்பும் வைத்த சரக்கறை ஒன்று. மடிக்கணினியில் செயலி என்பது சமையல் செய்பவர். கடைக்காரர் ‘ராம்’ என்று சொல்லும் நினைவகம் மேடை. நம் கோப்புகளும் நிழற்படங்களும் தங்கியுள்ள வன்தட்டு, அதாவது ஹார்ட் டிஸ்க், சரக்கறை. மேடை சிறிதாயின், ஒரு பொருளை வைப்பதற்காக மற்றொன்றைச் சரக்கறைக்குத் திருப்பி அனுப்ப வேண்டும். சரக்கறை தொலைவிலிருந்தால், சமையல் செய்பவர் எவ்வளவு கைத்திறன் உடையவராயினும் சரக்கு வரும்வரை சும்மா நிற்க வேண்டியதுதான். பழைய மடிக்கணினிகளில் பெரும்பாலும் காணப்படும் நோய் இதுவே. பணத்தை எங்கே செலவிடுவது என்ற கேள்விக்கு விடை வேண்டுமானால், கருவி எங்கே காத்து நிற்கிறது என்பதை முதலில் கண்டறிய வேண்டும்.

கண்டறிவதற்குக் காசு வேண்டுவதில்லை. விண்டோஸ் உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் என்னும் பலகை தோன்றும். அதில் செயலி, நினைவகம், வட்டு ஆகியவை எத்தனை சதவீதம் உழைக்கின்றன என்பது தெரியும். நீங்கள் நாள்தோறும் செய்யும் வேலைகளைத் திறந்து வைத்துக்கொண்டு கால் மணி நேரம் இதைக் கவனியுங்கள். வட்டு நெடுநேரம் 100 சதவீதத்தில் நிற்க, செயலி 20, 30 சதவீதத்தில் இளைப்பாறுமாயின், குறை சரக்கறையில் இருக்கிறது. நினைவகம் 85, 90 சதவீதத்தைத் தாண்டி நின்றால், மேடை போதவில்லை. செயலியே இடைவிடாமல் 100 சதவீதத்தில் நிற்குமாயின், முதலில் வெப்பத்தையும் தூசியையும் சந்தேகியுங்கள். அவையும் காரணமல்லவெனில், இக்கருவிக்குச் செலவு செய்து பயனில்லை.

முதலில் சரக்கறையை எடுத்துக்கொள்வோம். பழைய மடிக்கணினிகள் பலவற்றில் இருப்பது சுழலும் வன்தட்டு. அது நிமிஷத்துக்கு 5,400 முறை சுழல்கிறது. ஒரு சிறு கை தட்டின் மீது அங்குமிங்கும் நகர்ந்து செய்தியைத் தேடி எடுக்கிறது. ஒவ்வொரு தேடலுக்கும் ஒரு விநாடியில் நூற்றில் ஒரு பங்குக்கு மேல் ஆகும். இது சிறு பொழுதாகத் தோன்றலாம். ஆனால் கணினி திறக்கும்போது இத்தகைய தேடல்கள் ஆயிரக்கணக்கில் நிகழ்கின்றன. எஸ்.எஸ்.டி. என்று வழங்கும் திடநிலைச் சேமிப்பகத்தில் சுழலும் உறுப்பே கிடையாது. அங்கே ஒரு தேடலுக்கு ஆகும் நேரம் விநாடியில் ஏறத்தாழப் பதினாயிரத்தில் ஒரு பங்கு. வன்தட்டு உள்ள கணினிக்குச் செய்யத்தக்க செலவுகளில் முதலிடம் பெறுவது இம்மாற்றமே. திறக்க ஐந்து நிமிஷம் எடுத்த கருவி அரை நிமிஷத்துக்குள் திறப்பது சாதாரணமாகக் காணக்கூடியது.

எஸ்.எஸ்.டி. வாங்குமுன் உங்கள் கணினியில் எவ்வகை பொருந்தும் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். வன்தட்டு இருந்த இடத்திலேயே அமரும் இரண்டரை அங்குல ‘சாட்டா’ வகை ஒன்று. நீண்ட பட்டை போன்ற ‘எம்.2’ வகை மற்றொன்று. எம்.2 பட்டையிலும் சாட்டா, என்.வி.எம்.இ. என இரு பிரிவுகள் உண்டு. பொருத்தும் இடம் ஒன்று போல் தோன்றினாலும், ஒன்றை ஏற்கும் கணினி மற்றொன்றை ஏற்காமல் போகலாம். அதன் மீது 2280 என்று எழுதியிருந்தால், 22 மில்லிமீட்டர் அகலம், 80 மில்லிமீட்டர் நீளம் என்று பொருள். என்.வி.எம்.இ. வகை வேகத்தில் மிக்கதாயினும், சுழலும் தட்டிலிருந்து சாட்டாவுக்கு மாறும்போது தெரியும் வேறுபாடு, சாட்டாவிலிருந்து என்.வி.எம்.இ.க்கு மாறும்போது அன்றாட வேலையில் தெரிவதில்லை. பாடம், கடிதம், கணக்கு ஆகியவற்றுக்கு 256 ஜி.பி. அளவே போதும்.

கழற்றிய பழைய வன்தட்டு நல்ல நிலையில் இருந்தால் அதை எறிய வேண்டாம். யு.எஸ்.பி. வழியே இணைக்கும் ஒரு சிறு உறையில் அதைப் பொருத்தினால், குடும்பத்தின் நிழற்படங்களுக்கு இரண்டாவது பிரதி வைக்கும் பெட்டியாக அது பயன்படும். ஆனால் வன்தட்டிலிருந்து டக், டக் என்ற ஒலி கேட்டாலும், கோப்புகள் திறக்க மறுத்தாலும், மற்ற எல்லா யோசனைகளையும் ஒத்திவைத்துவிட்டு அதிலுள்ளவற்றை வேறிடத்தில் பிரதி எடுங்கள். கணினியை மீண்டும் வாங்கிவிடலாம். மறைந்த தந்தையின் படமும், குழந்தையின் முதற் பேச்சைப் பதிந்த ஒலிப்பதிவும் எக்கடையிலும் கிடைப்பதில்லை. பழுது பார்க்கக் கொடுப்பதற்கு முன்பே பிரதி எடுத்துவிடுவது எல்லாருக்கும் உரிய விதியாக இருக்கட்டும்.

இன்னும் ஒரு செய்தி. வட்டை மாற்றினால் விண்டோஸ் உரிமத்தையும் புதிதாக வாங்க வேண்டும் என்று சிலர் எண்ணுகிறார்கள். கணினியோடு வந்த விண்டோஸ் 10 அல்லது 11 உரிமம் தாய்ப்பலகையோடு இணைந்தது. ஆகவே வட்டை மட்டும் மாற்றி அதே பதிப்பை மீண்டும் நிறுவும்போது உரிமத்துக்கென்று தனிப்பணம் தர வேண்டுவதில்லை.

அடுத்தது நினைவகம். 4 ஜி.பி. நினைவகத்தோடு வந்த கணினியில் இன்றைய இணைய உலாவி ஒன்றே பாதி மேடையைப் பிடித்துக்கொள்கிறது. அதை 8 ஜி.பி.யாக உயர்த்தினால் குடும்பத்தின் பொதுத் தேவை நிறைவேறும். 16 ஜி.பி. வேண்டுமா என்பது செய்யும் தொழிலைப் பொறுத்தது. இங்கே கவனிக்கவேண்டியது இனம். டி.டி.ஆர்.3, டி.டி.ஆர்.4, டி.டி.ஆர்.5 என்பவை வெவ்வேறு தலைமுறைகள். ஒன்றன் இடத்தில் மற்றொன்று பொருந்தாதபடி அவற்றின் வெட்டுகளும் வேறு இடங்களில் உள்ளன. டி.டி.ஆர்.3 இனத்திலேயே 1.5 வோல்ட்டில் இயங்குவது ஒன்று; 1.35 வோல்ட்டில் இயங்கும் ‘எல்’ என்ற குறியுள்ளது மற்றொன்று. 2013-ஆம் ஆண்டு வந்த இன்டெல் நான்காம் தலைமுறை முதலாகப் பல மடிக்கணினிகள் இப்பிந்தையதையே கேட்கும். மெலிந்த கணினிகள் சிலவற்றில் நினைவகம் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டிருக்கும். அங்கே மாற்றுதல் இயலாது.

விலையைப் பற்றியும் ஒரு வார்த்தை. 2025-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், செயற்கை அறிவுக்கெனக் கட்டப்படும் பெரும் கணினி நிலையங்களின் தேவையால், நினைவகச் சில்லுகளின் விலை உலகெங்கும் வேகமாக ஏறியது. ஆகையால் நண்பர் ஒருவர் முன்னர் வாங்கிய விலையைக் கணக்கில் வைத்துக்கொண்டு கடைக்குச் செல்ல வேண்டாம். அன்றைய விலையை இரண்டு மூன்று இடங்களில் விசாரியுங்கள். வேறு கணினியிலிருந்து கழற்றிய நினைவகத் துண்டு நல்ல நிலையில் கிடைக்குமாயின், சோதித்து வாங்கலாம். அதில் தேயும் உறுப்பு எதுவும் இல்லை. ஆனால் எஸ்.எஸ்.டி. எழுத எழுதத் தேய்வது; மின்கலம் நாளடைவில் தேய்வது. இவ்விரண்டையும் பழையதாக வாங்குதல் தகாது.

மூன்றாவதாகச் சொல்லவேண்டியது, மிகக் குறைந்த செலவில் மிகுந்த பயன் தரும் காரியம்: தூசி நீக்கல். வடநாட்டுக் கோடையின் புழுதியும், கட்டட வேலை நடக்கும் தெருக்களின் சிமெண்டுத் தூளும் கணினியின் காற்றாடியிலும் வெப்பம் வெளியேறும் தகடுகளிலும் கம்பளி போலப் படிகின்றன. சூடு அளவு மீறும்போது செயலி தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்கிறது. வெளியே நின்று பார்ப்பவருக்கு இது முதுமை போலத் தோன்றும். காற்றாடியைத் துடைத்து, செயலிக்கும் தகட்டுக்கும் இடையே உலர்ந்துபோன வெப்பப் பசையை மாற்றினால் பல கருவிகள் மீண்டும் சீராக ஓடும். மெத்தையின் மீதும் தலையணையின் மீதும் கணினியை வைத்து உபயோகிப்பது காற்று வழியை அடைத்துவிடும் என்பதையும் வீட்டிலுள்ள பிள்ளைகளுக்குச் சொல்லி வையுங்கள்.

மின்கலத்தைப் பற்றி இரண்டு விஷயங்கள். மேசையிலேயே, மின்சார இணைப்போடு இயங்கும் கணினிக்குப் புதிய மின்கலம் அவசரத் தேவை அன்று; வெளியே எடுத்துச் செல்பவருக்கே அது முதற்செலவாகும். ஆனால் மின்கலம் உப்பியிருந்தால் நிலைமை வேறு. விசைப்பலகையோ, விரல் நகர்த்தும் பட்டையோ மேலெழும்பித் தோன்றினால், அக்கணமே கருவியை அணைத்து, மின்னேற்றுவதை நிறுத்திவிட வேண்டும். அதை அழுத்துவதும் குத்துவதும் தீயை வரவழைக்கும். புதிய மின்கலம் வாங்கும்போது இந்தியத் தரக் குறியும் ஐ.எஸ். 16046 என்ற எண்ணும் அதன் மீது இருக்கின்றனவா என்று பாருங்கள். மின்னேற்றி மாற்ற நேர்ந்தால் வோல்ட் எண் பழையதற்குச் சமமாக இருக்க வேண்டும். ஆம்பியர் எண் சமமாகவோ கூடுதலாகவோ இருக்கலாம். இணைப்பு முனையும் அதே வகையாக இருத்தல் வேண்டும்.

இனி, மாற்ற இயலாதவை எவை என்பதையும் அறிந்திருத்தல் நலம். மடிக்கணினிகளில் செயலி பெரும்பாலும் தாய்ப்பலகையோடு பற்றவைக்கப்பட்டது; வரைகலைச் சில்லும் அவ்வாறே. இவற்றை மாற்றித் தருவதாகச் சொல்லும் பேச்சு பெரும்பாலும் தாய்ப்பலகையையே மாற்றும் செலவில் வந்து முடியும். 2 ஜி.பி. நினைவகமும் 32 ஜி.பி. சேமிப்பும் பற்றவைத்து வந்த சிறு கணினிகளில் இடம் பெருக்குவது அரிது. அவற்றுக்குப் பணம் செலவிடாமல், எழுதப் படிக்க மட்டும் வைத்துக்கொள்வதே விவேகம்.

உறுப்புகளை மாற்றியபின் அதன் மீது இயங்கும் மென்பொருளைப் பற்றியும் சிந்திக்க வேண்டும். விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொதுவான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாள் முடிவுற்றது. விண்டோஸ் 11 முறைப்படி இயங்க, ஒரு சில விலக்குகள் நீங்கலாக, இன்டெல் எட்டாம் தலைமுறை அல்லது அதற்குப் பிந்தைய செயலியும், டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்பு அமைப்பும் வேண்டும். இவை இல்லாத கணினிக்கு உபுண்டு, லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் பதிப்புகள் விலையின்றிக் கிடைக்கின்றன. கடிதம் எழுதவும் கணக்குப் போடவும் லிப்ரெ ஆஃபிஸ் என்ற தொகுப்பு அவற்றோடு வருகிறது. தமிழ்99 விசைப்பலகை முறையையும் அவற்றில் அமைத்துக்கொள்ளலாம். பக்கத்து மாநிலமாகிய கேரளத்தின் பள்ளிகளில் பல்லாண்டுகளாகக் கட்டற்ற மென்பொருளைக் கொண்டே மாணவர் பயின்று வருகின்றனர் என்பது, இது அனுபவத்தில் தேறிய வழி என்பதற்குச் சான்று. எனினும் உங்கள் அலுவலகமோ பிள்ளையின் பள்ளியோ விண்டோஸில் மட்டும் இயங்கும் நிரலைக் கேட்குமா என்று விசாரித்த பிறகே மாற வேண்டும்.

இவற்றை வாங்கும் இடங்கள் நீங்கள் அறிந்தவையே. தில்லியில் நேரு பிளேஸ், மும்பையில் லாமிங்டன் சாலை, கொல்கத்தாவில் சாந்தினி சௌக், பெங்களூரில் எஸ்.பி. சாலை, விடுமுறையில் ஊருக்குச் செல்வோர்க்குச் சென்னை ரிட்சி தெரு. வேற்றுமொழி வழங்கும் சந்தையில் பேரம் பேசத் தயங்குவோர்க்கு ஓர் எளிய உபாயம் உண்டு. வீட்டிலிருந்தே ஒரு சீட்டு எழுதிக்கொள்ளுங்கள். கணினியின் அடியில் அச்சிட்டுள்ள மாதிரி எண், நினைவகத்தின் இனமும் அளவும், வட்டின் வகையும் அளவும் ஆகிய இவற்றை அதில் குறியுங்கள். எண்கள் எல்லா மொழியினர்க்கும் பொது. சீட்டில் இல்லாத ஒன்றைக் கடைக்காரர் புகுத்த முயன்றால் அதுவும் உடனே விளங்கிவிடும். பெயர் பெற்ற நிறுவனத்தின் உறை போன்ற போலி உறையில், சொன்ன அளவில் பாதி கூட இல்லாத எஸ்.எஸ்.டி.கள் விற்கப்படுவதுண்டு. ஆகவே ரசீதும் உத்தரவாதமும் இல்லாத மலிவு மலிவன்று.

மூடியைத் தாமே திறக்க விரும்புவோர்க்குச் சில எச்சரிக்கைகள். உத்தரவாதக் காலம் முடிந்ததா என்று பாருங்கள். மின்னிணைப்பை நீக்கி, மின்கலத்தின் இணைப்பையும் முதலில் கழற்றுங்கள். வடநாட்டுக் குளிர்காலத்தின் வறண்ட காற்றில் உடலில் நிலைமின்சாரம் ஏறியிருக்கும்; கம்பளி ஆடையைக் களைந்து, நிலத்தோடு தொடர்புடைய ஓர் உலோகத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு உள்ளே கை வையுங்கள். திருகாணிகள் பல நீளத்தில் இருக்கும். ஒரு தாளில் கணினியின் அடிப்பாகத்தை வரைந்து, எந்த இடத்துத் திருகாணியோ அந்த இடத்திலேயே ஒட்டி வையுங்கள். குட்டைத் துளையில் நெட்டைத் திருகாணி புகுந்தால் தாய்ப்பலகைக்கே கேடு. கை நடுங்குவோர் அனுபவமுள்ளவரிடம் கூலி கொடுத்துச் செய்துகொள்வதே சிக்கனம்.

சொன்னவற்றை இரு கணினிகளைக் கொண்டு பொருத்திப் பார்ப்போம். ஒன்று 2015-ஆம் ஆண்டைச் சேர்ந்த, இன்டெல் ஐந்தாம் தலைமுறைச் செயலியும் 4 ஜி.பி. நினைவகமும் சுழலும் வன்தட்டும் உள்ள கருவி. இதற்கு 256 ஜி.பி. சாட்டா எஸ்.எஸ்.டி., தூசி நீக்கல், லினக்ஸ் ஆகிய மூன்றும் போதும். நினைவகத்தை, மலிவாகக் கிடைத்தால் மட்டும் உயர்த்தலாம். இது மாணவனின் பாடத்துக்கும் வீட்டுக் கணக்குக்கும் உதவும். திரைப்படத் தொகுப்புக்கு உதவாது. மற்றொன்று 2018-ஆம் ஆண்டைச் சேர்ந்த, எட்டாம் தலைமுறைச் செயலியுள்ள கருவி. இதன் செயலி பெரும்பாலும் விண்டோஸ் 11-க்குத் தகுதியுடையது, டி.பி.எம். இருப்பதை உறுதி செய்துகொண்டு எஸ்.எஸ்.டி.யும் நினைவகமும் இரண்டுமே மாற்றலாம். தேவையாயின் மின்கலமும் சேர்க்கலாம். அச்செலவு பல ஆண்டுகள் பயன் தரும்.

எங்கே நிறுத்துவது என்பதற்கும் ஓர் அளவுகோல் வேண்டும். நினைத்துள்ள மாற்றங்களின் மொத்தச் செலவு, அதே சந்தையில் உத்தரவாதத்தோடு கிடைக்கும், சில ஆண்டுகளே பழகிய மடிக்கணினியின் விலையில் பாதியைத் தாண்டுமாயின், நிறுத்திவிடுவதே நன்று. திரை உடைந்து, கீல் தளர்ந்து, மின்கலமும் செத்துப்போன கருவி இவ்வரம்பைத் தாண்டியதாகவே இருக்கும்.

கடைசியாக, கழித்த உறுப்புகளைப் பற்றி. தில்லி சீலம்பூரில் கழிவுக் கணினிகளைக் கையால் உடைத்தும் எரித்தும் அமிலத்தில் இட்டும் உலோகம் எடுப்போர் அடையும் உடற்கேடு பலரும் எழுதியுள்ள செய்தி. 2023 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்த மின்னணுக் கழிவு விதிகள், தயாரிப்பாளர்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பை விதித்துள்ளன. ஆகவே பழைய மின்கலத்தையும் வட்டையும் தெருவில் வரும் பழைய சாமான்காரரிடம் போடாமல், நிறுவனங்களின் சேகரிப்பு ஏற்பாட்டிலோ பதிவு பெற்ற மறுசுழற்சியாளரிடமோ சேர்ப்பியுங்கள். கொடுக்குமுன் வட்டிலுள்ளவற்றை மீட்க முடியாதபடி முழுவதும் அழித்துவிடுங்கள்.

தொகுத்துக் கூறுகிறேன். முதலில் பிரதி, பிறகு சோதனை, அதன்பின் எஸ்.எஸ்.டி., நினைவகம், தூசி நீக்கல் ஆகியவற்றில் எது தேவையோ அது. வெளியே எடுத்துச் செல்பவருக்கு மின்கலம். செலவு பாதி விலையைத் தொட்டால் நிறுத்தம். இந்த வரிசையைப் பின்பற்றும் குடும்பத்தில், பிள்ளையின் படிப்பும் தடைப்படாது. தவணைக் கடனும் ஏறாது. மிச்சப்பட்ட பணம் கோடையில் ஊருக்குச் செல்லும் ரயில் சீட்டுக்கு ஆகட்டும்.